மேடும் சரிவும் உள்ள இடத்துக்கு எந்த மோட்டார்?

மலைச்சரிவில் உள்ள ரிசார்ட்டுக்குப் பழைய கோல்ஃப் கார்ட் வாங்கப்போவதாகவும், சீரிஸ் மோட்டாரா ஏசி மோட்டாரா என்று குழம்புவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். சரிவு என்றால் ஏசிதான். தயங்காதீர்கள்.

சீரிஸ் டிசி மோட்டாரில் ஆர்மேச்சரும் (சுழலும் பகுதி) ஃபீல்டு சுருளும் (காந்தப்புலம் உண்டாக்கும் சுருள்) ஒரே மின்பாதையில் வரிசையாக இருக்கும். அதனால் கிளம்பும்போது இழுவை அபாரம்; மேட்டில் முக்காமல் ஏறும். சிக்கல் இறக்கத்தில்தான். வண்டியை மோட்டார் பிடித்து நிறுத்தாது, வேகம் கூடிக்கொண்டே போகும். ஆறு பேரோடு இறங்கும்போது முழுப் பாரமும் பிரேக் ஷூவின் தலையில்தான். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஏசி இண்டக்‌ஷன் மோட்டாரில், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரே வேகத்தைக் கட்டுப்படுத்தும். இறக்கத்தில் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கும் திரும்பும். டிசி மோட்டாரில் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் இதில் இல்லை, அதனால் அந்தத் தேய்மானமும் கிடையாது. கோல்ஃப் கார்ட் நிறுவனமான இ-இசட்-கோ 2008-இல் கொண்டுவந்த ஆர்எக்ஸ்வி வண்டி இந்த வகைதான். ஃபீல்டு சுருளுக்குத் தனியாக மின்சாரம் போகும் செப்பெக்ஸ் டிசி மோட்டார் இரண்டுக்கும் நடுவே: இறக்கத்தில் பிடிக்கும், ஆனால் பிரஷ் உண்டு.

விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். குனிந்து மோட்டார் முனைகளைப் பாருங்கள். ஏ1, ஏ2, எஸ்1, எஸ்2 என்று நான்கும் தடித்த கேபிள் என்றால் சீரிஸ். இரண்டு தடித்தது, எஃப்1, எஃப்2 மட்டும் மெலிந்தது என்றால் செப்பெக்ஸ். யு, வி, டபிள்யூ என மூன்று தடித்த கேபிள்கள் இருந்தால் ஏசி.

அப்புறம், டிசி வண்டியில் பின்னாளில் ஏசி மோட்டார் போட நினைத்தால் கன்ட்ரோலரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.