முகத்தை மறைத்தால் போதுமா?

கேள்வி: எங்கள் தெருச் சிறுமி ஒருத்திக்குப் பாலியல் கொடுமை நடந்து வழக்குப் பதிவாகியிருக்கிறது. யூடியூப் சேனல்காரர் ஒருவர் மைக்கோடு வந்து, அந்த வீட்டு வாசலை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார். பிள்ளையின் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார். தட்டிக்கேட்டால், "இது பத்திரிகைச் சுதந்திரம்" என்கிறார். சரியா ஐயா?
– வாசகி, வடசென்னை

பதில்: தப்பு அம்மா. உங்கள் பெயரையும் பேட்டையையும் எடுத்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுத்தேன். காரணம் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன், தண்டையார்பேட்டைப் பக்கம் நான் செய்தி சேகரித்த காலத்தில், இப்படி ஒரு வழக்கை எழுதினேன். பெயர் போடவில்லை. அப்பாவின் தொழிலையும் வீட்டுக்கு எதிரே இருந்த கடையையும் மட்டும் எழுதினேன். மறுநாள் டீக்கடையில் ஒருவர் அதை உரக்கப் படிக்க, பெஞ்சில் இருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அட, நம்ம அவரு பொண்ணா?" என்றார். மாதம் முடிவதற்குள் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டது. பூட்டிய கதவைப் போய்ப் பார்த்தேன். அந்த வழியாகப் போனால் இன்றும் நெஞ்சு அடைக்கும்.

சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயர், படத்தோடு நிற்கவில்லை. முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு.

சுதந்திரத்தை நான் விட்டுக்கொடுப்பவன் இல்லை. 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழை மாநிலத்துக்குள் விடமாட்டேன் என்ற மதராஸ் அரசின் தடையை 1950-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சிறையிலிருந்த கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை அதிகாரி கடிதம் எழுதியபோதும், அச்சாகும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்று 1994-ல் அதே நீதிமன்றம் சொன்னது. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் நீதிமன்ற ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது என்று சொன்னதும் அந்தத் தீர்ப்புதான். அதிகாரியைக் கேள்வி கேட்க வாங்கிய உரிமை அம்மா அது. உங்கள் தெருப் பிள்ளையின் வாசலில் மைக் நீட்ட வாங்கியதில்லை.

வீடியோவின் லிங்க்கையும், தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துக்கொண்டு, வழக்கு இருக்கும் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் பேசலாம். "பாருங்க, எப்படிப் போட்டிருக்கான்" என்று அந்த லிங்க்கை மட்டும் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.