அகராதி பிறகு பார்க்கலாம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) எழுதி முடித்திருக்கிறேன். என்னோடு படித்த நண்பன் லாசா, தெமியார் என்ற மலேசியப் பூர்வகுடியில் பிறந்தவன், பக்கத்துக் கம்போங்கை (கிராமத்தை)ச் சேர்ந்தவன். அவன் தங்கைகள் இப்போது வீட்டிலேயே மலாயில்தான் பேசுகிறார்களாம். நாங்கள் இருவரும் கைப்பேசியில் ஆயிரம் சொற்களைப் பதிந்து, தமிழ் எழுத்தில் ஒரு தெமியார்–தமிழ் அகராதி செய்ய நினைக்கிறோம். இதற்குப் பல்கலைக்கழகத்தில் எதைப் படிக்கலாம்? படித்தால் ஒரு மொழியைக் காப்பாற்ற முடியுமா? "தமிழ்ப்பள்ளியிலேயே பிள்ளைகள் குறைகிறார்கள், உனக்கு எதற்கு அடுத்தவர் பாஷை?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

அகராதியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தமிழ் எழுத்து என்ற யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். அந்தக் கம்போங்கில் அதை யாராலும் படிக்க முடியாது. படித்தாலும் பயனில்லை. தெமியாரில் ப (p) வேறு, ப³ (b) வேறு. க (k) வேறு, க³ (g) வேறு. எ, ஒ இரண்டுக்கும் வாயை அகலத் திறந்து சொல்லும் இணைகள் உண்டு. மூக்கால் ஒலிக்கும் உயிர்கள் தனி. நம் எழுத்து இவற்றையெல்லாம் ஒன்றாக்கிவிடும்.

மலாய் எழுத்துமுறை பரவாயில்லை, பிள்ளைகள் பள்ளியில் கற்றது. ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'தீடாக்', 'ஆனாக்' என்று நாம் எழுதும் மலாய்ச் சொற்களின் கடைசியில் உண்மையில் க் இல்லை, தொண்டை சட்டென்று அடைபடுகிறது, அவ்வளவுதான். மலாய் கேட்டு வளர்ந்த காது அந்த அடைப்பையும் க் ஒலியையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். தெமியார், அதன் உறவு மொழியான செமாய் போன்ற அஸ்லி மொழிகளில் (தீபகற்பத்துப் பூர்வகுடிகளின் மொழிக் குடும்பம்) இரண்டும் தனித்தனி. மாற்றினால் வேறு சொல். இதைப் பிரித்துக் கேட்கப் பழக்குவதுதான் பல்கலைக்கழகம் உங்களுக்குத் தரக்கூடிய முதல் உதவி. ஆகவே பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது ஒலியியல் (ஒலிகள் எப்படிப் பிறக்கின்றன), ஒலியனியல் (எந்த ஒலி மாறினால் பொருள் மாறும்), கள ஆய்வு முறை என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்தில் தமிழ் மொழியியலிலேயே இளங்கலை உண்டு. அதில் சேர்ந்தாலும் தவறில்லை. அடிப்படைக் கருவிகள் எல்லா மொழிக்கும் ஒன்றுதான்.

சொற்பட்டியல் ஏன் வேண்டாம் என்கிறேன்? மலாயில் கேட்டால் மலாயில் இருப்பதற்கு மட்டும்தான் பதில் வரும். கிளந்தான், பேராக் காடுகளில் வாழும் ஜஹாய் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களிடம் வாசனைகளுக்கென்றே தனிச்சொற்கள் இருக்கின்றன. நிறத்துக்குப் பெயர் சொல்லும் அதே எளிமையோடு அவர்கள் வாசனைக்குப் பெயர் சொல்கிறார்கள் என்று 2014இல் பூரன்ஹுல்ட், மஜித் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பட்டியலோடு போயிருந்தால் அது அகப்பட்டிருக்காது. செமாயில் நம் இரட்டைக்கிளவி போல ஒரு பெரிய சொற்கூட்டம் உண்டு. கடகட, சலசல என்று முழுச்சொல்லையும் மடக்காமல், முதல் மெய்யையும் கடைசி மெய்யையும் மட்டும் எடுத்து முன்னால் ஒட்டுவார்கள். தோலில் அரிப்பெடுப்பதை 'க்³ஹூப்' என்றால், அது தொடரும்போது 'க்³ப்க்³ஹூப்'. மொழியியலாளர் டிஃப்லோத் 1976இல் இவற்றைப் பற்றி எழுதினார். இப்படிப்பட்ட சொற்கள் கேள்விக்குப் பதிலாக வருவது அரிது. பேச்சின் ஓட்டத்தில்தான் வரும்.

அதனால் பேச்சைப் பதியுங்கள். ஆனால் அதற்கு முன் கம்போங் தலைவரிடம் போய், என்ன செய்யப் போகிறீர்கள், யாரிடம் இருக்கும், யார் கேட்கலாம் என்று சொல்லுங்கள். பூர்வகுடி மேம்பாட்டுத் துறையான ஜகோவாவின் அனுமதியும், பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின் அதன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். பேசுபவரின் சம்மதத்தை ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அவர் குரலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார், மருமகன் போன்ற சில உறவினரின் பெயரை வாயால் சொல்லாத வழக்கம் இந்த மக்களிடையே உண்டு. பெயர் கேட்டு நச்சரிக்காதீர்கள், நண்பனிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் அரைநாள் உங்களோடு உட்கார்ந்தால் அரைநாள் கூலி கொடுங்கள். அவர் அன்று காட்டுக்கோ தோட்டத்துக்கோ போகவில்லை அல்லவா.

கைப்பேசியின் சொந்த ஒலிப்பதிவுச் செயலி பெரும்பாலும் ஒலியைச் சுருக்கிவிடும், இரைச்சலை நீக்குகிறேன் என்று மெல்லிய ஒலிகளையும் சேர்த்து நீக்கிவிடும். அஸ்லி மொழிகளில் சொல்லின் கடைசி மெய்தான் முக்கியம். அதுவோ மிக மெதுவாக, காற்றே வெளிவராமல் முடியும். முதலில் அழிவது அதுதான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு என்று அமைத்துக்கொள்ளும் செயலியோ சிறு பதிவுக்கருவியோ போதும். கூடவே சட்டையில் மாட்டும் ஒலிவாங்கி ஒன்று. தகரக் கூரைக்குக் கீழே மழை நேரத்தில் பதியாதீர்கள். ஜெனரேட்டர், சேவல், ரீங்காரப் பூச்சி மூன்றும் நேரம் பார்த்துத் தவிர்க்கக்கூடியவை. கருவியைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள், நம் ஈரக்காற்று தயவு பார்க்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பி "பத்திரப்படுத்துவது" வேண்டவே வேண்டாம். அங்கேயும் ஒலி சுருங்கிவிடும். அன்றிரவே மூன்று படி, மூன்று இடத்தில். யார், எங்கே, எந்தத் தேதி, எதைப் பற்றி என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாத பதிவு பத்து வருடத்தில் வெறும் சத்தம்.

இனி உண்மையான உழைப்பு. ஒரு நிமிடப் பேச்சை எழுதி, மொழிபெயர்த்து, சொல்லுறுப்பாகப் பிரிக்க ஒரு மணி நேரம்கூட ஆகும். மலைக்க வேண்டாம், ஆனால் நூறு மணி நேரம் பதிந்துவிட்டு ஒன்றையும் எழுதாமல் விடுவதுதான் இந்தத் துறையின் பெரிய நோய். ஈலான் என்ற இலவச மென்பொருளில் ஒலியோடு வரிகளைக் கோத்துவிடலாம். எழுதுவது உங்கள் நண்பனாக இருக்கட்டும், சரிபார்ப்பது நீங்கள். பல்கலைக்கழகங்கள் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கின்றன, அதனால்தான் ஆய்வேடு மிஞ்சுகிறது, கம்போங்கில் எழுதத் தெரிந்தவர் மிஞ்சுவதில்லை. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தெமியாரும் சேர்ந்த ஆஸ்திரோ-ஆசிய மொழிகளுக்கென்றே ஆவணக்காப்பகம் இருக்கிறது. எதிர்காலத்தில் அங்கே வைக்கலாம். ஆனால் ஒரு படி கம்போங்கில் இருந்தே ஆகவேண்டும்.

காப்பாற்ற முடியுமா என்றால், உங்களால் முடியாது, அந்தத் தங்கைகளால் முடியும். நியூசிலாந்தில் மாவோரிகள் 1982இல் பாலர் பள்ளிகளைத் தொடங்கியபோது, பாட்டிமார்களை உள்ளே உட்காரவைத்து மாவோரி மட்டும் பேசினார்கள். கலிபோர்னியாவின் பழங்குடிகள் 1990களில் வேறு வழி பார்த்தார்கள். பிள்ளைகள் இல்லை, ஒரு மூத்தவரும் ஒரு இளையவரும்; வாரம் பத்து, இருபது மணி நேரம் ஆங்கிலமே இல்லாமல் சமைப்பது, துவைப்பது, வண்டியில் போவது. இலக்கணம் படித்தவர்கள் இரண்டிலும் உதவினார்கள், ஆனால் நடுவில் அவர்கள் இல்லை. லாசா பக்கம் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் முதல் வழியே தோதானது.

வீட்டில் கேட்கும் கேள்விக்கு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைக் காட்டுங்கள். தேசியப் பள்ளியில் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வேண்டும் என்று சொல்லும் அதே வாக்கியம்தான் பூர்வகுடி மொழிகளையும் சொல்கிறது. ஆனால் அவற்றுக்கு மட்டும் "நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருந்தால்" என்று ஒரு நிபந்தனை கூடுதல். செமாய் சில பள்ளிகளில் அந்த வாசலைத் தாண்டியது. வாசிக்கப் புத்தகமும் சொல்லித்தர ஆளும் இல்லையென்றால் அந்த நிபந்தனையைக் காட்டியே மறுத்துவிடலாம். நண்பன் எழுதும் கதைகளில் சின்னதாக நான்கைந்தை எடுத்து, படம் போட்டு, ஒளிநகல் செய்து தைத்துப் பாருங்கள். கம்போங் பிள்ளைகள் போகும் பள்ளியில் எத்தனை தெமியார் பிள்ளைகள் என்று அவனை எண்ணச் சொல்லுங்கள். பதினைந்தோ அதற்கு மேலோ இருந்தால் மறுபடி எழுதுங்கள், மனு எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.