பையன் குள்ளம்னு டீம்ல எடுக்கல, ஹாக்கியை விட்டுடலாமா?

கேள்வி: எங்க பையனுக்கு 12 வயசு முடியப்போகுது, ஏழு வயசுல இருந்து ஐஸ் ஹாக்கி ஆடுறான். இந்த வருஷம் டிரிபிள் ஏ (பசங்க ஹாக்கில மேல் மட்டம்) டீமுக்கு ஆள் எடுக்கிற ட்ரைஅவுட்ல கடைசி ரவுண்டு வரைக்கும் போயிட்டு கட் ஆயிட்டான். கோச் சொன்னது, "கை நல்லா வேலை செய்யுது, ஆனா உருவம் பத்தாது." அதுக்கு அடுத்த மட்டமான டபுள் ஏ டீம் ஒண்ணு கூப்பிடுது. வீட்டுக்காரர் போதும், இனி படிப்பைப் பாக்கட்டும்கிறார். பையன் என்னடான்னா மாண்ட்ரியால் டீம் கோச் மார்ட்டின் சான் லூயி படத்தைக் காட்டி "அவரும் குள்ளம்தாம்மா, அவரை யாருமே எடுக்கலம்மா"ன்னு அழறான். அந்தக் கதையை நம்பி விடலாமா?
ஒரு அம்மா, பிராம்டன்

பதில்: அம்மா, பையன் சொன்னது பொய் இல்ல. ஆனா அவன் பாதிக்கதைதான் சொல்லியிருக்கான், மீதியையும் கேட்டுட்டு முடிவெடுங்க.

சான் லூயி கியூபெக்ல லவால் ஊர்க்காரர், 1975-ல பிறந்தவர், உயரம் 5 அடி 8 அங்குலம். என்ஹெச்எல்னா ஐஸ் ஹாக்கியோட பெரிய லீக், அதுல டீம்கள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட்ல ஒரு டீமும் அவர் பேரைச் சொல்லல. அவர் அமெரிக்காவுல வெர்மான்ட் யூனிவர்சிட்டிக்குப் போய் 1993-ல இருந்து 1997 வரைக்கும் நாலு வருஷம் காலேஜ் டீம்ல ஆடினார், கோலும் அசிஸ்ட்டும் (கோலுக்கு உதவின பாஸ்) சேத்து 267 பாயிண்ட், அந்தக் காலேஜ்லயே அதுக்கு முன்னாடி யாரும் எடுக்காத கணக்கு. 1996-ல டீம் தேசிய அரையிறுதி வரைக்கும் போச்சு. இவ்வளவு ஆடிட்டு வெளிய வந்தா என்ஹெச்எல்ல ஆட்டவா டீம் ட்ரைஅவுட்டுக்குக் கூப்பிட்டு பாத்துட்டு வேணாம்னுட்டாங்க. அப்புறம் கிளீவ்லாந்துல மைனர் லீக் (என்ஹெச்எல்லுக்குக் கீழ் மட்டம்), அங்க 56 மேட்ச்ல 50 பாயிண்ட் எடுத்த பிறகுதான் 1998-ல என்ஹெச்எல் டீமான கால்கரி கையெழுத்து வாங்கிச்சு.

சினிமாவா இருந்தா இங்க பாட்டு வரும், நிஜத்துல வரல. கால்கரில ரெண்டு சீசன்ல மொத்தம் 69 மேட்ச், கோல் நாலே நாலு. கோல் போடுறவரைக் கடைசி லைன்ல (சேந்து இறங்குற ஆட்டக்காரர் குழு, கடைசி லைனுக்கு ஆட நேரம் கம்மி) இறக்கி எதிராளியைத் தடுத்துக்கிட்டு நில்லுன்னு விட்டா வேற என்ன நடக்கும்? நடுநடுவுல மைனர் லீக்குக்கும் அனுப்பி வச்சாங்க. 2000-ல மின்னசோட்டா, கொலம்பஸ்னு ரெண்டு புது டீம் வந்தப்போ, மத்த டீம்கள் பாதுகாக்காம விட்ட ஆளுங்கள்ல இருந்து அவங்க எடுத்துக்கலாம்னு ஏற்பாடு. கால்கரி இவரைப் பாதுகாக்கல, அந்த ரெண்டு டீமும் எடுக்கல. ஆளே இல்லாம புதுசா ஆரம்பிக்கிற டீமுக்கே வேண்டாம்னா யோசிச்சுப் பாருங்க, அப்ப அவருக்கு வயசு 25. கடைசில கால்கரியும் கைகழுவிட்டாங்க.

அந்த ஜூலைல டாம்பா பே கூப்பிட்டாங்க. டாம்பா அப்போ லீக்லயே கடைசி வரிசைல கிடந்த டீம், அதனால ஆட இடம் கிடைச்சது, எனக்கு இந்தக் கதைல முக்கியமாப் படுறது இதுதான். முதல் சீசன் 40 பாயிண்ட், அடுத்த சீசன் கால் உடைஞ்சு நிறைய மேட்ச் ஆட முடியல, அதுக்கடுத்து 70, அப்புறம் 2003-04-ல 94. லீக்லயே அதிக பாயிண்ட், சிறந்த ஆட்டக்காரர்னு ஹார்ட் டிராஃபி, லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கப், மூணும் ஒரே வருஷத்துல. ஃபைனல்ல எதிர்ல நின்னது யாருன்னா அதே கால்கரி. ஆறாவது மேட்ச் கால்கரி ஊர்லயே, அவங்க ஜெயிச்சா கப் அவங்களுக்கு. சமநிலைனால கூடுதல் நேரம், ரெண்டாவது ஓவர்டைம் ஆரம்பிச்சு 33 செகண்ட்ல, கோல்கீப்பர் மேல பட்டுத் தெறிச்ச பக்கை (ஹாக்கி ரப்பர் வட்டு) இவர் ஓரத்துல இருந்து உள்ள தள்ளி அரங்கத்தையே வாயடைக்க வச்சார். ஏழாவது மேட்ச் டாம்பால, 2-1, கப் டாம்பாவுக்கு. இன்னொண்ணு, அந்தக் காலத்துல வேகமா ஓடுறவனை ஸ்டிக்கால கொக்கி போட்டு இழுத்தாலும் ரெஃப்ரி பாதி நேரம் கண்டுக்க மாட்டார், அதைக் கண்டிப்பா நிறுத்தினது 2005-க்கு அப்புறம்தான். குள்ளமானவங்களுக்கு இப்ப இருக்கிற வசதி அப்ப இல்ல.

சரி, பையன் சொல்லாத பாதி. வெர்மான்ட்ல இவர்கூட எரிக் பெரான்னு சின்ன வயசுல இருந்தே ஃப்ரெண்ட் ஒருத்தர் ஆடினார், அவரும் லவால்காரர்தான், அவரும் குள்ளம்தான், ஒரே டீம்ல சேந்து கோல் போட்டுத் தள்ளினாங்க. அவரும் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனா என்ஹெச்எல்ல கொஞ்ச வருஷம்தான், ஹாக்கி வாழ்க்கைல பெரும்பகுதி ஃபின்லாந்து மாதிரி வெளிநாட்டு லீக்ல போச்சு. அதனால உழைச்சா சான் லூயி ஆயிடலாம்னு பையன்கிட்ட சொல்லாதீங்க, பெரான் ஒண்ணும் சோம்பேறி இல்லையே. அதேசமயம் பெரானோடது தோல்வின்னும் நான் சொல்லமாட்டேன், ரொம்ப வருஷம் ஹாக்கி ஆடியே சம்பாதிச்ச மனுஷன்.

இப்ப உங்க விஷயம். கோச்சைத் திட்டாதீங்க. 13 வயசுக்குட்பட்டோர் பிரிவு வரைக்கும் பாடி செக்கிங் (உடம்பால இடிச்சுத் தடுக்கிறது) கிடையாதுன்னு ஹாக்கி கனடா 2013-லயே முடிவு பண்ணிட்டாங்க, பெரிய டீம்கள்ல அதுக்கப்புறம்தான் இடிக்கிறது ஆரம்பிக்கும், அதனால ஆள் எடுக்கும்போது உருவத்தைப் பாக்கிறாங்க. இந்த வயசுல ஒருத்தன் மீசையோட நிப்பான், இன்னொருத்தன் நாலாங்கிளாஸ் பையன் மாதிரி இருப்பான், ரெண்டு வருஷத்துல அது தலைகீழா மாறலாம், மாறாமலும் போகலாம். கோச் சொன்னது அடுத்த சீசனுக்கான கணக்கு மட்டும்தான்.

டபுள் ஏக்குப் போகட்டும்னுதான் நான் சொல்வேன். அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. பெரிய டீம்ல பெஞ்சைத் தேய்க்கிறதுக்கு இது எவ்வளவோ மேல், பக் ஸ்டிக்ல இருந்தாத்தானே கைத்திறமை வளரும்.

வீட்டுக்காரர் படிப்புன்னு கவலைப்படுறார்ல, அவர்கிட்ட சொல்லுங்க, சான் லூயி வளர்ந்ததே காலேஜ் ஹாக்கிலதான். முன்னாடி கனடா மேஜர் ஜூனியர் லீக்ல (இளைஞர்களுக்கான உயர்மட்ட லீக்) ஆடினா அமெரிக்க காலேஜ் கதவு மூடிடும், 2025 ஆகஸ்ட்ல இருந்து அந்தத் தடையும் போயிருச்சு. மார்க் குறைஞ்சா பிராக்டிஸ் குறையும்னு வீட்ல ஒரு ஒப்பந்தம் போட்டுக்கங்க, பையன் முன்னாடியே போடுங்க. செலவுதான் அவர் மனசுல இருக்குன்னா அதையும் மூடி மறைக்காம பேசுங்க, டபுள் ஏன்னாலும் ஐஸ் வாடகை, டோர்னமென்ட் பயணம்னு பணம் போகத்தான் செய்யும். வளர்ற பையன், ஸ்கேட் பழசு வாங்கினா போதும், கால்ல சரியா உக்காரணும், அவ்வளவுதான். ஹெல்மெட்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த டபுள் ஏ கோச்சுக்கு ஒரு போன் போட்டு ரெண்டு விஷயம் கேளுங்க: பையனை எந்த லைன்ல வைக்கப்போறீங்க, பவர் பிளேல (எதிரணில ஆள் குறைஞ்சிருக்கிற நேரம்) இறக்குவீங்களா. "பாக்கலாம், பாக்கலாம்"னு மழுப்பினார்னா வேற டபுள் ஏ டீம் தேடுங்க, உங்க பக்கம் அதுக்குப் பஞ்சம் இல்ல.