176 கூடினால் என்ன அர்த்தம்? மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறுகளை அயனியாக்கி நிறை பார்க்கும் முறை) கேள்வி-பதில்

எலிகளுக்குக் குவெர்செட்டின் என்ற தாவரச் சேர்மம் கொடுத்தேன். இரத்தப் பிளாஸ்மாவில் அதன் அயனிக்குரிய 301.035 பீக்கே இல்லை. உடம்பில் சேரவில்லையா?

சேர்ந்திருக்கும், ஆனால் உருமாறியிருக்கும். குடல் சுவரும் கல்லீரலும் அதோடு குளுகுரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டிவிடுகின்றன. மெத்தில் சேர்வதும் உண்டு. எதிர்மின் அயனி முறையில் (மூலக்கூறு ஒரு புரோட்டானை இழந்த நிலையில்) 477.067 (குளுகுரோனைடு), 380.992 (சல்பேட்), 491.083 (மெத்திலும் குளுகுரோனைடும்) ஆகியவற்றைத் தேடுங்கள்.

477.067 கிடைத்தது. கருவிக்குள் உடைத்தால் 176.032 (குளுகுரோனிக் அமிலத் துண்டின் நிறை) கழன்று 301 வருகிறது. ‘குவெர்செட்டின்-3-குளுகுரோனைடு’ என்று எழுதலாமா?

குளுகுரோனைடு சரி, அந்த ‘3’ எங்கிருந்து வந்தது? குவெர்செட்டினில் 3, 5, 7, 3′, 4′ என ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள். எதில் ஒட்டினாலும் நிறை ஒன்றுதான். உடைக்கும்போது முதலில் கழன்று விழுவதும் ஒட்டிய துண்டேதான். எங்கே ஒட்டியிருந்தது என்ற தடயமும் அதோடு போய்விடும். தூய சேர்மத்தை அதே கருவியில் அதே நிபந்தனையில் ஓட்டி, பிரிப்புக் குழாயிலிருந்து வெளிவரும் நேரமும் உடைபாடும் பொருந்தினால் எண்ணைப் போடுங்கள். இல்லையென்றால் பிரித்தெடுத்து என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்திசைவு) பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வழியில்லையா? ‘மோனோகுளுகுரோனைடு’ என்று எழுதிவிட்டுப் போகலாம், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஆதாரமில்லாத ‘3’களைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

அப்புறம், தனிச் சேர்மத்துக்குப் பதில் தாவரத்தின் முழுச் சாறு கொடுத்தவர்கள் கவனிக்க: தாவரச் சேர்மங்களில் வரும் பெருலாயில் தொகுதி கழன்றாலும் 176தான், ஆனால் 176.047. முழு எண் மட்டும் காட்டும் கருவியில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். கொடுத்த சாற்றையும் தனியே ஓட்டிப் பாருங்கள்.

நத்தையிலிருந்து எடுத்த குளுகுரோனிடேஸ் நொதி சேர்த்ததும் பீக் மறைந்தது. உறுதிதானே?

பாதி உறுதி. அந்த நத்தைத் தயாரிப்பில் சல்பேட்டேஸும் கலந்திருக்கும், சல்பேட்டும் சேர்ந்தே மறையும். ஈ.கோலை நொதியால் தனியே சோதியுங்கள். நொதி சேர்க்காத மாதிரியையும் அதே வெப்பத்தில் அதே நேரம் வைத்திருங்கள்.

477 வெளிவரும் அதே நேரத்தில் 301உம் தெரிகிறது. கட்டற்ற குவெர்செட்டினா?

பெரும்பாலும் இல்லை. குளுகுரோனைடு அயனி மூலத்திலேயே (மூலக்கூறு மின்னூட்டம் பெறும் இடம்) உடைந்த துண்டு அது. உண்மையான குவெர்செட்டின் தன் நேரத்தில் தனியே வரும்.

பெரிய பீக்தான் அதிக அளவா?

இல்லை. ஒவ்வொரு சேர்மமும் அயனியாகும் திறன் வேறு. தூய சேர்மத்தின் அளவீட்டு வரைபடம் இல்லாமல் பீக் பரப்புகளை ஒப்பிடாதீர்கள்.

மாற்றியது கல்லீரலா, குடல் பாக்டீரியாவா?

நிறை சொல்லாது, விலங்குதான் சொல்ல வேண்டும். சோயாவின் டெய்ட்சீன் (அயனியாகாத மூலக்கூறின் நிறை 254.058) குடல் பாக்டீரியாக்களால் ஈக்வாலாக (அதேபோல் 242.094) மாறுகிறது. ஓர் ஆக்சிஜன் குறைந்து நான்கு ஹைட்ரஜன் கூடும். நுண்ணுயிரற்ற எலிகளில் இது நடக்காது. அதோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: தீவனத்தில் சோயா இருந்தால், எதுவும் கொடுக்காத சாதாரண எலியிலும் ஈக்வால் இருக்கும். தீவனத்தின் உட்பொருள் பட்டியலை முதலில் வாங்கிப் படியுங்கள்.