தடா பக்கம் இருக்கம் தீவுக்குப் போய் வந்தவர்கள் உண்டா? பறவையும் கடலும் பார்க்கக் குடும்பத்தோடு போகலாமா?

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் இருக்கம் தீவில் கடற்கரை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு கிளம்பி, ஒரே நாளில் பறவைகளையும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கம் என்பது பழவேற்காடு ஏரிக்கு உள்ளே இருக்கும் தீவு. சுற்றிலும் ஏரித் தண்ணீர்தான். கடல் அதற்கும் கிழக்கே, ஸ்ரீஹரிகோட்டா என்ற நீளமான மணல் தீவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே ராக்கெட் ஏவுதளம் இருப்பதால் நம் இஷ்டத்துக்கு உள்ளே போய் மணலில் நடக்க முடியாது. கடலுக்கு வேறு வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

நான் பிறந்தது ஆரம்பாக்கம், வாழ்க்கைப்பட்டது சூலூர்பேட்டை. இரண்டுக்கும் நடுவில் தடா. கொஞ்ச நேர ரயில் பயணம்தான், அதற்குள் தமிழ்நாடு முடிந்து ஆந்திரா வந்துவிடும். வீட்டில் மாமியாரிடம் தெலுங்கு, பிள்ளையிடம் தமிழ். என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தது இருக்கம் தீவில். அதனால் பதினோரு வருடமாக அந்தப் படகில் போய்வந்துகொண்டிருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவள் சொல்கிற விவரம் இது, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சென்னை சென்ட்ரலிலிருந்து சூலூர்பேட்டை வரைக்கும் புறநகர் ரயில் இருக்கிறது. முதல் வண்டியைப் பிடித்துத் தடாவில் இறங்குங்கள். அங்கிருந்து ஆட்டோவில் பீமுனிவாரிபாளையம் படகுத்துறை. எங்கள் பக்கம் பி.வி. பாளையம் என்றால்தான் தெரியும். படகில் ஏறும்போது ஒன்று கவனியுங்கள். அது தீவு மக்களுக்கு பஸ் மாதிரி. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிற பாட்டி, எல்லாம் அதில்தான் வரும். முன்பக்கம் உட்கார்ந்தால் போட்டோ நன்றாக வரும் என்று வயதானவர்களை எழுப்பிவிட்டு உட்கார வேண்டாம். படகை உங்களுக்காகவே தனியாகப் பேசி எடுத்தாலும் சரி, லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இந்த ஏரியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஆழம்தான். இந்தியாவில் ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்வார்கள். படகில் உட்கார்ந்து பார்த்தால் கரையே தெரியாது, கடல் மாதிரி விரிந்து கிடக்கும். ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். ஏரிக்கு நடுவில் ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை இழுப்பதை முதல் தடவை பார்க்கிறவர்கள் நம்பவே மாட்டார்கள். சில இடங்களில் இன்ஜினைத் தூக்கிவிட்டு மூங்கில் கோலை ஊன்றித் தள்ளுவார்கள். அதனால் இத்தனை நிமிடத்தில் போய்ச் சேருவீர்கள் என்று கணக்குச் சொல்ல என்னால் முடியாது. தண்ணீர் இருந்தால் சீக்கிரம், இறங்கியிருந்தால் மெதுவாக.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். ஏரி ஏறும், உப்புக் குறையும். தை மாதத்துக்கு மேல் தண்ணீர் மெல்ல இறங்கும், உப்பு கூடும். சித்திரையில் வந்தால் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிற சாலைக்கு வடக்கே பல இடத்தில் தண்ணீரே இருக்காது, உப்புப் பூத்த வெறும் தரைதான். பூநாரைகள் (ஃபிளமிங்கோ) இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் இடம் மாறுகின்றன. அவற்றின் காலுக்கு எட்டுகிற ஆழத்தில்தான் நின்று மேயும். மழை முடிந்த உடனே வந்தால் தண்ணீர் அதிகம், பறவைகள் ஓரத்தில் மட்டும் இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் ஏரியின் நடுவிலேயே கால் ஊன்றி நிற்கும். உங்களுக்கு நான் சொல்லும் காலம் அதுதான்.

கல்யாணம் ஆன புதிதில் நானும் வீட்டுக்காரரும் ஒரு மார்கழிக் காலையில் போனோம். தூரத்தில் தண்ணீருக்கு மேல் வெள்ளையாக ஒரு கோடு. கிட்டே போகப் போக அந்தக் கோடு கால்களாகவும் கழுத்துகளாகவும் பிரிந்தது. பூநாரை நிற்கும்போது பார்த்தால் லேசான ரோஜா சாயம் கலந்த வெள்ளைதான். சிவப்பு இறக்கைக்குள் ஒளிந்திருக்கும். பறக்கும்போதுதான் குங்குமச் சிவப்பும் கறுப்பும் விரியும். அதைப் பார்க்க ஆசைப்பட்டு, கொஞ்சம் கிட்டே விடு தம்பி என்று படகுக்காரப் பையனிடம் நான்தான் சொன்னேன். அவன் இன்ஜினை முடுக்கினான். மொத்தக் கூட்டமும் தண்ணீரில் ஓடி ஓடி எழும்பியது. வானத்தில் சிவப்புத் துணியை உதறிய மாதிரி இருந்தது. நான் கை தட்டினேன்.

தீவுக்குப் போய் நாத்தனாரின் மாமனாரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் வயதுக்கும் அந்த ஏரியில் இறால் பிடித்தவர். கோபப்படவில்லை. "ஏம்மா, இலைல உக்காந்து சாப்பிடறவனைக் கையைப் புடிச்சு எழுப்பினா எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் பூநாரை எப்படிச் சாப்பிடுகிறது என்று உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றைக் கிளறி, அலகில் தண்ணீரை வாங்கி நாக்கால் வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி இருக்கிற வரிகளில் பாசியும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற பூச்சி, புழுவும் தங்கும். அதைத்தான் விழுங்கும். நம் வீட்டில் அரிசி களைகிற மாதிரியான வேலை. ஒரு வாய்க்கு இத்தனை பாடு. வயிறு நிறைய எத்தனை மணி நேரம் குனிந்தே நிற்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் இருக்கிற உடம்பு அது, சிட்டுக்குருவி மாதிரி நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாது. தண்ணீர் மேல் ஓடித்தான் எழும்ப வேண்டும். ஒவ்வொரு படகும் ஒரு தடவை எழுப்பினால் அன்றைக்கு அது சாப்பிட்டதெல்லாம் ஓடியே தீர்ந்துவிடும். அந்தச் சிவப்புகூட அது தின்கிற பாசியிலிருந்தும் சிறு உயிர்களிலிருந்தும் வருகிற நிறம்தான். குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும்.

அன்றிலிருந்து நான் கூட்டிக்கொண்டு போகிற யாராக இருந்தாலும் படகு ஏறும் முன்பே சொல்லிவிடுவேன், எழுப்பக் கூடாது என்று. உங்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன். பணம் கூடக் கொடுத்தால் கூட்டத்துக்குள் விட்டுக் காட்டுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். வேண்டாம் என்று சொல்லுங்கள். போன தை மாதம் என் பையனோடு போனபோது இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கோலை ஊன்றிக்கொண்டு சும்மா இருந்தோம். இருபது நிமிடம் இருக்கும். அதுகளாகவே மேய்ந்துகொண்டே எங்கள் பக்கம் நகர்ந்தன. வாத்துக் கூட்டம் மாதிரி ஒரு முணுமுணுப்பு கேட்டது. அதற்கு முன் இத்தனை வருடத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை, எப்போதும் இன்ஜின் சத்தம் அதை மறைத்துவிடும்.

தீவில் பார்க்க என்ன இருக்கிறது என்றால், வீடுகள், கோவில், மணல் பாதை, காய்கிற வலை, அவ்வளவுதான். ஓட்டல் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டு போங்கள், பிளாஸ்டிக் கவரைத் திரும்பக் கொண்டு வாருங்கள். என் நாத்தனார் வைக்கிற மடவை மீன் புலுசு (புளிக்குழம்பு) மாதிரி வெளியே கிடைக்காது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். புளியும் பச்சை மிளகாயும் தூக்கலாக, முதல் நாள் வைத்து மறுநாள் காலையில் சாப்பிடுவது.

படகில் போக நேரம் இல்லை, சின்னக் குழந்தை இருக்கிறது என்றால் தடாவில் இறங்காமல் சூலூர்பேட்டைக்கே வந்துவிடுங்கள். ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போகிறது. நுழைவாயில் வரைக்கும் போகலாம், இரண்டு பக்கமும் பறவைகள் நிற்கும். ஹாரன் மட்டும் அடிக்க வேண்டாம். அப்படியே தொரவாரிசத்திரம் பக்கம் நேலபட்டு சரணாலயத்தையும் பாருங்கள். சொல்லப்போனால் பிள்ளைகளுக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். தண்ணீருக்குள் நிற்கிற செங்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் (பெலிகன்) கூடு கட்டியிருக்கும். தெலுங்கில் கூடபாத்து என்பார்கள். பெற்றவை பழவேற்காடு ஏரிக்குப் பறந்துபோய் மீன் பிடித்துத் தொண்டைப் பையில் கொண்டுவரும், குஞ்சு தலையையே அந்தப் பைக்குள் விட்டுச் சாப்பிடும். கூடவே நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம். எச்சம் கலந்த அந்தத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பறவைகள் குடித்தனம் நடத்தும் இடத்தில் ஏரிக்கரைக்கும் ஊருக்கும் இருக்கிற இந்த உறவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜனவரி வாக்கில் நடத்துகிற பக்ஷுல பண்டுக, அதாவது பறவைத் திருவிழா, கூட்டம் பிடிக்கிறவர்களுக்கு நல்லது. பறவை பிடிக்கிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டு வருவது மேல்.

இப்போது கடலுக்கு வருகிறேன். அதற்குத் தமிழ்நாட்டுப் பக்கம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போக வேண்டும். அங்கிருந்து பாலம் தாண்டினால் லைட் ஹவுஸ் குப்பம், அகலமான நல்ல மணல் கரை. ஊருக்குள் டச்சுக்காரர்களின் பழைய கல்லறை ஒன்று இருக்கிறது, வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள், அவசியம் பாருங்கள். 1613-ல் கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். ஆனால் இருக்கத்தையும் இதையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள்.

அங்கே ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் இருக்கிறது. ஏரி முழுக்க இடுப்பளவுத் தண்ணீர்தான் என்ற தைரியம் அந்த இடத்தில் செல்லாது. ஓதம் ஏறி இறங்கும்போது இழுப்பு பயங்கரமாக இருக்கும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போன 22 பேர் படகு கவிழ்ந்து இறந்துபோனார்கள், பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அதற்கு அப்புறம் அங்கே சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றத் தடை வந்தது. யாராவது ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். கரையில் நின்று காலை நனைத்துக்கொள்வதே போதும். அதே முகத்துவாரம் மணல் மூடிப் போனால் இறாலும் மீனும் கடலிலிருந்து ஏரிக்குள் வராது, குப்பங்களில் அடுப்பு எரிவது கஷ்டம். தூர்வாரச் சொல்லி எங்கள் மக்கள் எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் கடையில் வாங்குகிற பழவேற்காடு இறாலும் நண்டும் அந்த வாய் வழியாக வந்து வளர்ந்ததுதான்.

இருக்கத்துக்கே போவது என்று முடிவு செய்தால், விடியற்காலை ரயில், தொப்பி, பைனாகுலர், மாற்று உடை. படகுத்துறையில் இறங்கியவுடன் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் எப்போதும் நாலு மணிக்குள் ஏறிவிடுவேன். அந்த நேரத்தில் வெயில் மேற்கே தடா பக்கம் சாயும், தண்ணீர் பித்தளை நிறமாகும். வலை இழுக்கிறவர்களும் பூநாரைகளும் ஒரே ஆழத்தில், ஆளுக்கொரு பக்கம் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். இடது பக்கம் உட்காருங்கள், அந்தப் பக்கம்தான் கூட்டம் அதிகம் நிற்கும்.