ஊசிக்கு ஒரு வேலை, மாத்திரைக்கு ஒரு வேலை: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சீனாவோட ஊசி வைத்தியமான அக்குபங்சர் பத்தி ரெண்டே வரி எழுதியிருந்தேன், அதுக்கு சேலம் பக்கத்துல இருந்தே நிறைய கேள்வி வந்துருச்சு. இயற்கை மருத்துவம் படிச்சுட்டு இதே ஊர்ல ஊசி வைக்கிறவங்கற முறையில எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டதால யார் பேரும் போடல.

மேடம், வெள்ளிக் கொலுசு பட்டறையில 18 வருஷமா வேலை பாக்குறேன். நாள் பூரா குனிஞ்சே உக்காந்திருக்கேன். கழுத்துல ஆரம்பிச்சு தோள்பட்டை வரைக்கும் இழுத்துப் புடிக்குது, சாயந்திரம் ஆனா பின்மண்டை விண்ணு விண்ணுங்குது. அக்குபங்சர் போனா சரியாகுமா? ஊசி வலிக்குமா? (செவ்வாய்ப்பேட்டை)

வலிய முதல்ல சொல்லிடறேங்க, ஏன்னா பாதிப்பேர் அதுக்கு பயந்தே வர்றதில்ல. இது மருந்து ஏத்தற ஊசி இல்ல, உள்ள ஓட்டையே கிடையாது, கால் மில்லிமீட்டர் கனம்தான். குத்தறப்போ எறும்பு கடிச்ச மாதிரி ஒரு சுருக், அப்புறம் அந்த இடத்துல ஒரு கனம், ஒரு மதமதப்பு, அவ்ளோதான். 20 நிமிஷம் அரை மணி நேரம் அப்படியே படுத்திருக்கணும், நிறைய பேர் தூங்கிடுவாங்க.

சரியாகுமான்னு கேட்டா, கழுத்து வலி, தலைவலி, முழங்கால் வலி மாதிரி நாள்பட்ட வலியிலதான் அக்குபங்சருக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கு. டென்ஷன்ல வர்ற தலைவலி, ஒற்றைத் தலைவலி ரெண்டுக்கும் 2016ல காக்ரேன்னு, பல மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசற அமைப்போட ஆய்வுத் தொகுப்பு வந்துச்சு, அடிக்கடி வர்றது குறையுதுன்னுதான் அதுல இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், நிஜ ஊசிக்கும் சும்மா பேருக்கு வைக்கிற போலி ஊசிக்கும் இருக்கற வித்தியாசம் நிறைய ஆய்வுல சின்னதாத்தான் வருது. அதாவது படுத்து ஓய்வு எடுக்கறது, ஒருத்தர் நம்மள கவனிச்சு பாக்கறது, குணமாகும்ங்கற நம்பிக்கை இதெல்லாமும் சேந்துதான் வேலை செய்யுது. பிரிட்டன்ல நைஸ்னு மருத்துவ வழிகாட்டு அமைப்பு இருக்கு, அவங்களே 2016ல இடுப்பு வலிக்கு இத குடுக்க வேண்டாம்னாங்க, 2021ல காரணம் புரியாத நாள்பட்ட வலிக்கு குடுத்துப் பாக்கலாம்னாங்க. டாக்டர்களுக்குள்ளயே இன்னும் பேச்சு ஓடிட்டுத்தான் இருக்கு, அத உங்ககிட்ட மறைக்க எனக்கு இஷ்டம் இல்ல.

ஆறு தடவை போய்ப் பாருங்க. வலி குறையற மாதிரியே இல்லன்னா நிறுத்திடுங்க, இன்னும் இருவது சிட்டிங் வாங்கன்னு யார் சொன்னாலும் பணத்த கட்டாதீங்க. ஊசி பாக்கெட்ட உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும், ஒரு தடவை வச்சத தூக்கிப் போட்டுடணும், இதுல பேரமே கிடையாது, பழைய ஊசியில மஞ்சள் காமாலை பரவும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க முன்னாடியே சொல்லிடுங்க. அப்புறம் தோள்பட்டை மேல, முதுகுல வைக்கறப்போ ஆழமா போனா நுரையீரல்ல காத்து கசிஞ்சுரும், அபூர்வம்தான் ஆனா நடந்திருக்கு, அதனால முறையா படிச்சவங்ககிட்ட மட்டும் போங்க. கை கால் மரத்துப் போகுது, பிடி தளருதுன்னா ஊசிக்கு முன்னாடி எலும்பு டாக்டர பாக்கணும். இத்தனைக்கும் மேல பட்டறையில பலகைய நெஞ்சு உயரத்துக்கு ஏத்துங்க, முக்கா மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு தோள சுழட்டுங்க. குனிஞ்சு வந்த வலி குனிஞ்சுட்டே இருந்தா எந்த ஊசிக்கும் போகாதுங்க.

ஏற்காட்டுல இருந்து மாசம் ரெண்டு தடவை சேலம் இறங்கறேன். இருவது கொண்டை ஊசி வளைவு முடியறதுக்குள்ள வாந்தி. மணிக்கட்டுல அமுக்கினா நிக்கும்னு சொல்றாங்களே? (ஏற்காடு)

அந்த இடத்துக்கு சீனத்துல நெய்குவான்னு பேர், உள்வாசல்னு அர்த்தம் வரும். உள்ளங்கைய மேல பாத்த மாதிரி வச்சுக்கங்க, மணிக்கட்டு ரேகையில இருந்து உங்க மூணு விரல (உங்க விரல்தான், வேற யார் விரலும் இல்ல) குறுக்க வச்சு அளந்தா, அதுக்கு மேல ரெண்டு நரம்பு மாதிரி தசைநார் தெரியும், அதுக்கு நடுவுல. கட்டைவிரலால ரெண்டு மூணு நிமிஷம் அழுத்தமா அமுக்குங்க, அப்புறம் அடுத்த கை. பஸ் கெளம்பறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடணும், வாய்ல தண்ணி ஊற ஆரம்பிச்சப்புறம் அமுக்கி பிரயோஜனம் இல்ல.

ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற குமட்டலுக்கு இந்தப் புள்ளி உதவுதுன்னு நல்ல ஆய்வு இருக்கு, பஸ் வாந்திக்கு சிலருக்கு கேக்குது சிலருக்கு கேக்கல. செலவே இல்லாத வேலை, செஞ்சு பாக்கலாம். கூடவே முன் சீட்ல உக்காந்து ரோட்டையே பாருங்க, போன் நோண்டாதீங்க, வெறும் வயித்தோடவும் ஏறாதீங்க, வயிறு முட்டவும் சாப்பிடாதீங்க, ஒரு துண்டு இஞ்சிய வாய்ல அடக்கிக்கங்க. சீன வைத்தியத்துலயும் குமட்டலுக்கு இஞ்சிதான், நம்ம பாட்டியும் அதத்தான் குடுத்தாங்க.

டாக்டரம்மா, எங்கம்மாவுக்கு 61 வயசு, 12 வருஷமா சுகர், காலைல ராத்திரி இன்சுலின். பக்கத்து ஊர்ல ஒருத்தர் நாடி புடிச்சுப் பாத்து ஒரே ஒரு இடத்துல விரல வச்சு தொட்டு, இதுவும் அக்குபங்சர்தான்னு வைத்தியம் பண்றார். எல்லா மருந்தையும் நிறுத்துங்க, டெஸ்ட்டும் எடுக்காதீங்க, உடம்பு கழிவ தானா வெளியேத்தும்ங்கறார். அம்மா அவர நம்பிட்டாங்க. என்ன பண்றது? (அம்மாபேட்டை)

தம்பி, இந்த பதில இன்னைக்கே அம்மாகிட்ட படிச்சுக் காட்டுங்க. இன்சுலின நிறுத்தக் கூடாது. ஒரு வேளை கூட.

கோபத்துல எழுதலப்பா, பயத்துல எழுதறேன். என் சொந்த பெரியப்பா இதே மாதிரி ஒருத்தர் பேச்சக் கேட்டு மாத்திரைய நிறுத்துனார். மொத ரெண்டு வாரம் உடம்பு லேசா இருக்குன்னு சந்தோஷமா சொன்னார், அப்புறம் தாகம், ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்கறது, எடை மடமடன்னு குறையுது, கேட்டா கழிவு போகுதுன்னு பதில். கால் விரல்ல ஒரு சின்ன புண்ணு வந்துச்சு, அதுவும் கழிவுதான்னாங்க. ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போறப்போ ரெண்டு விரல எடுக்க வேண்டியதா போச்சு. நான் வைத்தியம் படிச்சவ, ஆனா வெளியூர்ல இருந்தேன், போன்ல சொன்னத அவர் கேக்கல, நேர்ல போயிருக்கணும்னு இன்னைக்கும் மனசு அடிச்சுக்குது. அதனாலதான் உங்கள நேர்ல உக்காந்து பேசச் சொல்றேன்.

கழிவு வெளியேறுதுங்கற வார்த்தைதான் இதுல ரொம்ப ஆபத்து, ஏன்னா உடம்பு மோசமாகறதையே குணமாகற அறிகுறியா காட்டிடுது, டெஸ்ட்டும் வேண்டாம்னுட்டா தப்ப கண்டுபிடிக்க வழியே இல்லாம போயிருது. இன்சுலின் இல்லாம சர்க்கரை எகிறி ரத்தத்துல அமிலம் சேந்தா வாந்தி, மூச்சு வாங்கறது, மயக்கம், அது உயிர்ப் பிரச்சினை. பிபி மாத்திரை, தைராய்டு, வலிப்பு மாத்திரைக்கும் இதேதான் சொல்லுவேன்.

அக்குபங்சர மத்திய அரசு 2019ல தனி சிகிச்சை முறைன்னு அங்கீகரிச்சிருக்கே மேடம்னு சிலர் கேப்பாங்க. ஆமா, அங்கீகரிச்சிருக்கு. அதுக்காக சுகருக்கு இன்சுலினுக்கு பதிலா தொட்டா போதும்னு ஆயிராது. இது பிறந்த சீனாவுலயே பெரிய ஆஸ்பத்திரிகள்ல ஊசி ஒரு பக்கம், நவீன மருந்து ஒரு பக்கம்னு சேத்துத்தான் குடுக்கறாங்க. அம்மாவுக்கு கால் எரிச்சல், தூக்கமின்மை இருந்தா அதுக்கு ஊசி வச்சுப் பாக்கலாம், சுகர் டாக்டருக்கும் தெரிஞ்சு. அம்மா மாத்திரைய குறைக்க ஆசப்பட்டா அதுவும் நியாயமான ஆசைதான், நடை, சாப்பாடு சரி பண்ணி, மூணு மாச சராசரி டெஸ்ட் பாத்து, டாக்டர்தான் படிப்படியா குறைக்கணும். அம்மாவ திட்டாதீங்க. தினமும் குத்திக் குத்தி சலிச்சுப் போய்த்தான் அங்க போயிருப்பாங்க, அந்த சலிப்ப மொதல்ல காது குடுத்துக் கேளுங்க.

கஞ்சமலை சித்தர் கோயில்ல காலாங்கி சித்தர், அவரோட சீடர் போகர் சீனாவுக்குப் போனார்னு சொல்றாங்களே, அப்போ அக்குபங்சர் நம்மகிட்ட இருந்து போனதுதானே? (இளம்பிள்ளை)

மரபுல அப்படி ஒரு நம்பிக்கை இருக்கு, கஞ்சமலைக்கு அமாவாசைக்கு நானும் போறவதான். ஆனா ஊசி வைத்தியம் நம்மகிட்ட இருந்து சீனாவுக்குப் போச்சுங்கறதுக்கு எழுத்து ஆதாரம் இல்லீங்க. சீனாவோட ஹுவாங்தி நெய்ஜிங்ங்கற நூல் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினது, ஊசி, உயிராற்றல் ஓடற தடங்கள் எல்லாம் அதுலயே இருக்கு. அவங்க அஞ்சு பூதமும் வேற, மரம், நெருப்பு, மண், உலோகம், தண்ணி. நம்ம வர்மத்துல 108 புள்ளின்னா அவங்க தடங்கள்ல 361. மணிக்கட்டுல மூணு விரல் வச்சு நாடி பாக்கறது மட்டும் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு.

நம்ம நாட்டுக்கு வந்த கதைதான் எனக்கு ரொம்பப் புடிக்கும். 1938ல சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போர் நடந்தப்போ இந்தியாவுல இருந்து அஞ்சு டாக்டருங்க உதவிக்கு சீனாவுக்குப் போனாங்க, அதுல சோலாப்பூர்க்காரர் டாக்டர் கோட்னிஸ் அங்கேயே 1942ல இறந்துட்டார், கூடப் போன பி.கே.பாசு பிற்பாடு மறுபடி சீனா போய் ஊசி வைத்தியம் கத்துக்கிட்டு வந்து கல்கத்தாவுல ஆரம்பிச்சார்.

உடம்பு இளைக்க சீன மூலிகை டீ ஆன்லைன்ல வாங்கினேன். மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காதுல்ல? (சூரமங்கலம்)

குடிக்காதீங்கம்மா. 1990கள் தொடக்கத்துல பெல்ஜியத்துல ஒரு கிளினிக்ல இளைக்கறதுக்கு சீன மூலிகை மாத்திரை குடுத்தாங்க, அதுல ஒரு மூலிகைக்குப் பதிலா பேர் குழப்பத்துல அரிஸ்டோலோக்கியா வகை செடி கலந்துருச்சு, நூத்துக்கும் மேல பெண்களுக்கு கிட்னி பாதிச்சு, பல பேருக்கு டயாலிசிஸ் வரைக்கும் போச்சு, சிறுநீர்ப்பாதையில புத்துநோயும் வந்துச்சு. அது ஏதோ வெளிநாட்டுச் செடின்னு நெனச்சுராதீங்க, நம்ம ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே குடும்பம், கிட்னிய கெடுத்த அதே அமிலம் இதுலயும் இருக்கு. சாதாரண அதிமதுரமே தினமும் நிறைய சாப்பிட்டா பிபி ஏறும், பொட்டாசியம் குறையும்.

அதுக்காக சீன மூலிகையே பொய்னு நான் சொல்ல வரல. மலேரியாவுக்கு இன்னைக்கு உலகம் பூரா குடுக்கற ஆர்டெமிசினின், 1600 வருஷத்துக்கு முந்தின சீன ஏட்டுல இருந்த ஒரு வரியப் பாத்து தூ யூயூங்கற அம்மா சூடு அதிகம் காட்டாம பிரிச்சு எடுத்தது, 2015ல அவங்களுக்கு நோபல் பரிசு. ஆனா அவங்க பிரிச்சாங்க, விலங்குக்கு குடுத்துப் பாத்தாங்க, தாங்களே குடிச்சுப் பாத்தாங்க, அப்புறம்தான் நோயாளிக்கு குடுத்தாங்க. உங்க டீ பாக்கெட்ல என்ன இலை இருக்குன்னே எழுதல பாருங்க.

மாசமா இருக்கேன், ஆறாவது மாசம். தலைவலிக்கு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல அமுக்கலாமா? (ஆத்தூர்)

அந்தப் புள்ளிய மட்டும் விட்டுடுங்கம்மா, கர்ப்பப்பைய தூண்டும்னு சீன வைத்தியத்துலயே பழங்காலத்துல இருந்து கர்ப்பிணிக்கு விலக்கி வச்சிருக்காங்க. தண்ணி குடிச்சு, விளக்க அணைச்சுட்டு படுங்க. ஆனா ஆறாம் மாசத்துல விடாத தலைவலி, கண்ணு மங்கறது, மூஞ்சி வீங்கறது இருந்தா காலைல வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே போய் பிபி பாத்துருங்க.

பிளாஸ்டிக் முள்ளு வச்ச அக்குபிரஷர் செருப்பு அப்பாவுக்கு வாங்கலாமா? அவருக்கு சுகர் இருக்கு. (குகை)

வேண்டாம். உள்ளங்கால்ல உணர்ச்சி குறைஞ்சிருந்தா குத்தினதே அவருக்குத் தெரியாது. அந்தக் காசுக்கு மெத்துன்னு ஒரு செருப்பு வாங்கிக் குடுங்க, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி நீங்களே அவர் பாதத்த திருப்பி ஒருக்கா பாத்துருங்க.