எண்ணூர் சாலையில் ஓடும் போலோவுக்கு 17 இஞ்ச் வீல் வேண்டுமா?

கேள்வி: சார், என்னிடம் 2018 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. இருக்கிறது. வீடு தண்டையார்பேட்டை, வேலை மணலியில். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுவேன். இப்போது போட்டிருப்பது 195/55 ஆர்16. லைட் வெயிட் 17 இஞ்ச் அலாய் போட்டால் பிக்கப் கூடும் என்கிறார்கள். எந்த வீல், எந்த டயர் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, முன்சக்கரம் ஒன்றைக் கழற்றி டயரோடு நிறுத்துப் பாருங்கள். வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினே போதும். சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், பிறகு வெறுங்கையோடு ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். 17 கிலோவை ஒட்டி வரும். அதில் ஏறக்குறைய பாதி டயருடைய எடை. கடையில் சொல்லும் எடை ரிம்முக்கு மட்டும்தான். லேசான ரிம்மைத் தேடித்தேடி வாங்கி, அதில் கனமான டயரை ஏற்றி, குறைத்த எடையை அப்படியே திருப்பிக் கொடுத்தவர்கள் நிறைய.

அடுத்தது பிக்கப். சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் வண்டியில் பத்து கிலோ குறைத்த மாதிரி என்று ஒரு பேச்சு உண்டு. கணக்கு அப்படி வராது. சக்கரம் வண்டியோடு முன்னே போக வேண்டும், கூடவே சுழலவும் வேண்டும். அதனால் ரிம்மில் குறையும் 1 கிலோ, வேகமெடுக்கும்போது சுமார் ஒன்றரைக் கிலோ குறைந்ததற்குச் சமம். டயர் இன்னும் வெளிவட்டத்தில் இருப்பதால் அதில் குறையும் 1 கிலோவுக்கு ஒன்றே முக்காலுக்குப் பக்கம் பலன். எப்படிக் கணக்குப் போட்டாலும் இரண்டைத் தாண்டாது. நான்கு ரிம்மிலும் 2 கிலோ வீதம் குறைத்தால் கிடைப்பது 12 கிலோ குறைத்த பலன். உங்கள் வண்டி 1,100 கிலோ. டிக்கியிலிருந்து 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை இறக்கிவைத்தாலே அதைவிட அதிகம் கிடைக்கும்.

பிறகு எதற்கு லேசான வீல்? மேடுபள்ளத்துக்காகத்தான். சக்கரம் ஒரு மேட்டில் ஏறி மேலே எகிறுகிறது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதைத் திரும்பச் சாலையில் அமுக்க வேண்டும். அமுக்கி முடிக்கும்வரை டயரின் பிடி குறைவாகவே இருக்கும். சக்கரம் லேசாக இருந்தால் அந்த நேரம் குறைகிறது. உடைந்த ரோட்டில் பிரேக் அடிக்கும்போதும், மேடுபள்ளமான வளைவில் திருப்பும்போதும் வண்டி குதிக்காமல் தரையோடு ஒட்டிப் போவது இதனால்தான். நம் பக்கத்துச் சாலைகளில் இந்தப் பலன் தினமும் கையில் தெரியும். ஆகவே உங்கள் ஆசை நியாயமானது. 17 இஞ்ச் என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன்.

195/55 ஆர்16 என்றால் டயரின் அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 இஞ்ச். ஆக, இப்போதைய டயரின் பக்கச்சுவர் 107 மி.மீ. உயரம். 17 இஞ்சுக்கு எல்லோரும் போடும் 205/45-இல் அது 92 மி.மீ. அந்தப் பதினைந்து மில்லிமீட்டர்தான் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த மெத்தை. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நிற்க, ஓரத்தில் உடைந்து கிடக்கும் தார் விளிம்பில் சக்கரத்தை இறக்கித்தான் கடக்க வேண்டியிருக்கிறது. மெட்ரோ தூண்கள் வந்தபின் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் விலகிப்போக இடம் குறைவு. மேன்ஹோல் மூடி ஒன்று இறங்கியிருக்கும், அடுத்தது ஏறியிருக்கும். இப்படி அடிபடும்போது முதலில் வளைவது ரிம்மின் உள்விளிம்பு. ஸ்போக்குகளின் தாங்கல் அந்தப் பக்கம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. பல வருஷத்துக்கு முன் என் வண்டியில் 17 இஞ்ச் போட்டிருந்தேன். மூன்று நாள் தொடர்ந்து காலையில் ஒரே டயரில் காற்று இறங்கியது. பஞ்சர் என்று நினைத்துக் கழற்றினால், உள்பக்கம் முடி அளவுக்கு ஒரு விரிசல். அது வேகமாகப் போகும்போது விட்டிருந்தால் என்ற நினைப்பு இன்றும் போகவில்லை.

இன்னொன்று, ரிம் பெரிதாகும்போது அதன் எடை மையத்திலிருந்து வெளியே நகர்கிறது. 16-உம் 17-உம் ஒரே எடை என்றாலும் 17-ஐச் சுழற்ற அதிக முறுக்கு வேண்டும். பிக்கப்புக்காகப் பெரிய ரிம் என்பது தலைகீழ்.

என் யோசனை, 15 இஞ்சுக்கு இறங்குங்கள். 2013-இல் வந்த முதல் ஜி.டி. டி.எஸ்.ஐ.க்குக் கம்பெனி கொடுத்ததே 15 இஞ்ச்தான், ஆகவே பிரேக் உள்ளே அடங்கும். ஆனால் ஸ்போக்கின் வளைவு மாடலுக்கு மாடல் மாறும். பிரேக் காலிபரில் உரசுகிறதா என்று ஒரு சக்கரத்தை மாட்டிச் சுழற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஆறரை இஞ்ச் அகல ரிம்மில் 195/60 ஆர்15 சரியாக உட்காரும். மொத்த விட்டம் 615 மி.மீ., இப்போது இருப்பது 621. ஸ்பீடோமீட்டரில் 1 சதவீத வித்தியாசம், பொருட்படுத்த வேண்டாம். பக்கச்சுவர் 117 மி.மீ. ஆகிவிடும். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைச் சொல்லும் சுமைக் குறியீடும் 87-க்குப் பதில் 88, அதாவது டயருக்கு 545 கிலோவுக்குப் பதில் 560. தோற்றத்துக்கு 16 இஞ்ச்தான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் அதே 195/55-இல் லேசான ரிம் மட்டும் மாற்றுங்கள், அதுவும் நல்ல முடிவே. எல்லாம் கேட்டும் 17-க்குத்தான் போவீர்கள் என்றால், 84 குறியீட்டு 205/45 வேண்டாம். அது 500 கிலோதான் தாங்கும். எக்ஸ்.எல்., அதாவது கூடுதல் சுமை தாங்குவது, என்று போட்ட 88 குறியீட்டு டயராகப் பாருங்கள்.

ரிம்மில் மூன்று ரகம். சாதாரண வார்ப்பில் உலோகத்தை அச்சில் ஊற்றுவதோடு சரி. பலத்துக்காகக் கனமாகச் செய்ய வேண்டியிருக்கும். ஃப்ளோ ஃபார்மிங்கில் வார்த்த ரிம்மின் வெளிவட்டத்தைச் சூடாக்கி, சுழலவிட்டு, உருளைகளால் அழுத்தி நீட்டுவார்கள். வட்டம் மெலிசாகும், உறுதியும் கூடும். ஃபோர்ஜ்டு என்பது பெரிய அழுத்தத்தில் அடித்து உருவாக்குவது. லேசிலும் பலத்திலும் அதுதான் முதல், விலையிலும் அதுதான் முதல். உங்கள் ஓட்டத்துக்கு ஃப்ளோ ஃபார்மிங் போதும். ஜப்பான் பிராண்டுகளின் டிசைனை அப்படியே காப்பியடித்த ரிம்கள் சல்லிசாகக் கிடைக்கும். உருவம்தான் ஒன்று, உலோகம் வேறு. பின்பக்கம் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பான் தரமுத்திரையும் எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணும் பொறித்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். எண் இல்லாத ரிம்மை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடற்காற்றில் நிற்கும் வண்டி என்பதால் பாலிஷ் ரிம்மும் வேண்டாம். உப்பு ஏறி, டயர் உட்காரும் விளிம்பு அரித்து, காற்று மெல்லக் கசியும். நல்ல பவுடர் கோட்டிங் உள்ளதாகப் பார்த்து, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டயருக்குக் கொடுங்கள், ரிம் அடுத்த வருஷம் வரட்டும். 1946-இல் பொம்மை பலூன் செய்து எம்.ஆர்.எஃப். தொடங்கிய திருவொற்றியூருக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு டயரைப் பற்றி நாம் யோசிக்காமல் இருக்கலாமா! ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும் சாலையில் தினம் ஓட்டுகிறீர்கள். அகலம் கூடக்கூடத் தண்ணீர் மேல் மிதக்கும் ஆபத்தும் கூடும். 195-இல் நில்லுங்கள். ஈரப் பிடிக்குப் பேர்போன டூரிங் டயராக எடுங்கள். மிஷெலின் பிரைமசி, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட் போன்ற ரகம். பக்கச்சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு மாதத்துக்கு மேல் கிடந்த சரக்கு என்றால் வேறு கேளுங்கள். வருஷத்துக்கு இரண்டு நாள் டிராக்குக்காக மென்மையான டயரை வாங்கி, மீதி நாளெல்லாம் மணலி ரோட்டில் தேய்ப்பது வீண். டிராக்கில் புதிய பிரேக் ஃப்ளூயிட்தான் உங்களுக்கு அதிகம் உதவும்.

கடைசியாக மாட்டும் வேலை. பி.சி.டி., அதாவது போல்ட்களின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும், 5x100. நடுத்துளை 57.1 மி.மீ. துளை பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போட்டே ஆக வேண்டும், இல்லையேல் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் ஆடும். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் தளம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற அளவு. அந்த எண் பழைய ரிம்மின் பின்னால் இருக்கும், 5 மி.மீ.க்கு மேல் விலக வேண்டாம். சக்கரத்தை வெளியே தள்ள நடுவில் போடும் ஸ்பேசர் வேண்டவே வேண்டாம். கவனிக்க வேண்டியது போல்ட். ஃபோக்ஸ்வாகன் போல்ட்டின் தலைக்கடியில் உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் ரிம்மின் துளை பெரும்பாலும் கூம்பு வடிவம். பழைய போல்ட்டையே போட்டால் முறுக்கும்போது இறுகிய மாதிரி தெரியும், ஓட ஓடத் தளரும். கூம்புத் தலை போல்ட் தனியாக வாங்குங்கள். ஏர் கன்னால் இறுக்கிவிட்டு அனுப்ப விடாதீர்கள். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர், 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை. பழைய உருண்டைத் தலை போல்ட்டில் ஐந்தை ஒரு துணியில் சுற்றி ஸ்டெப்னிக்குள் போட்டுவையுங்கள். இரும்பு ஸ்டெப்னிக்கு அதுதான் பொருந்தும்.